வெப்லாஜிக் கன்சோல்: ஒன்பது வருடப் பழக்கமும் ஒரு ‘ப்ரிப்பேர்ட்’டும்

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் சேர்ந்த புது டீமில் வெப்லாஜிக், அதாவது ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் ஆரக்கிள் சர்வர், இருக்கிறதாம். “மச்சான், நீ ஒன்பது வருஷமா அதுலதானே குப்பை கொட்டுற. கன்சோல் எப்படிடா? 14.1.2 வெர்ஷன்ல அதையே தூக்கிட்டாங்களாமே?” என்றான். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

கன்சோல் என்பது அந்த சர்வரை பிரவுசரிலிருந்து நிர்வகிக்கும் பக்கம். 7001 போர்ட், ஸ்லாஷ் கன்சோல், லாகின் எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. டெவலப்மென்ட் மோடில், அதாவது எழுதிப் பார்க்கும் சர்வரில், அது எழுந்த பிறகு முதல் ஆளாகத் திறப்பவருக்கு, ‘டிப்ளாயிங் அப்ளிகேஷன் ஃபார் கன்சோல்’ என்று புள்ளி புள்ளியாக ஒரு வரி ஓடும். கன்சோலும் ஒரு அப்ளிகேஷன்தான்; அங்கே யாராவது கேட்டால்தான் எழுந்திருக்கும். அதில் எனக்குக் கோபமில்லை. ஒரு டீக்கு நேரம் கிடைக்கும்.

என் கோபமெல்லாம் ‘ப்ரிப்பேர்ட்’ என்ற ஒரு சொல் மேல்தான். ப்ரொடக்‌ஷன் மோடில், அதாவது நிஜ வேலைக்கான சர்வரில், ஒரு இயர் ஃபைலை (அப்ளிகேஷன் பொட்டலத்தை) ஏற்றுவதைப் பாருங்கள். இடது மூலையில் ‘லாக் அண்ட் எடிட்’; வேறு யாரும் கை வைக்காதபடி பூட்டிவிட்டு மாற்றத் தொடங்கும் பட்டன். டிப்ளாய்மென்ட்ஸ், இன்ஸ்டால், ஃபைலைக் காட்டு, அப்ளிகேஷனா லைப்ரரியா சொல், எந்த கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) என்று டிக் அடி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். ஸ்டேட் என்ற கட்டத்தில் ‘டிஸ்ட்ரிபியூட் இனிஷியலைஸிங்’ என்று நிற்கும். சரி, ‘ஆக்டிவேட் சேஞ்சஸ்’ அழுத்தியாகிவிட்டது. பச்சை எழுத்தில், எல்லா மாற்றமும் ஆக்டிவேட் ஆகிவிட்டது, ரீஸ்டார்ட் தேவையில்லை என்று நல்ல செய்தி வேறு. கல்யாணம் முடிந்தது என்று மாலையைக் கழற்றுவோம். ஆனால் ஸ்டேட் கட்டத்தில் ‘ப்ரிப்பேர்ட்’.

அதாவது ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அப்ளிகேஷன் ஓடவில்லை. அதற்குக் கன்ட்ரோல் டேபுக்குப் போய், டிக் அடித்து, ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்பை அழுத்தி, ‘சர்விசிங் ஆல் ரிக்வெஸ்ட்ஸ்’ தேர்ந்து, ‘நிச்சயமா?’ என்றதற்கு யெஸ் சொல்ல வேண்டும். டெவலப்மென்ட் மோடில் இந்தச் சடங்கு கிடையாது, தானே ஓடும். அதனால்தான் அங்கே பழகி வரும் ஒவ்வொரு புதுப்பையனும் முதல் ரிலீஸ் ராத்திரி என்னிடம் ஓடி வருகிறான்: “அண்ணா, டிப்ளாய் சக்சஸ்னு வருது, பேஜ் வரல.” நானும் ஒரு காலத்தில் இப்படி ஓடியவன்தான்.

நியாயமாகச் சொன்னால் இதில் காரணம் இருக்கிறது. எல்லா சர்வருக்கும் ஃபைலை முன்னதாகவே அனுப்பி வைத்துவிட்டு, ராத்திரி 2 மணிக்கு ஸ்டார்ட் மட்டும் அழுத்தலாம். ஆக்டிவேட்டும் இரண்டு கட்டமாகத்தான் நடக்கும். ஒரு சர்வர் மாற்றத்தை ஏற்க மறுத்தாலும் மற்றவற்றிலும் ரத்தாகிவிடும். இந்த ஒழுங்கு என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை எழுத்துக்குக் கீழே ‘இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை, தம்பி’ என்று ஒரு வரி போட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

லாக் விஷயத்தில் தப்பு எங்களுடையது. முன்பு ஒரு இடத்தில் நாங்கள் நாலு பேரும் ‘வெப்லாஜிக்’ என்ற ஒரே யூசரில் நுழைவோம். பூட்டு ஆளுக்குத்தான், பிரவுசருக்கு இல்லை. ஒரே யூசர் என்றால் ஒரே எடிட் செஷன். ஒரு நாள் பக்கத்து சீட்டுக்காரர் டேட்டா சோர்ஸின் (டேட்டாபேஸ் இணைப்பின்) யூஆர்எல்லைப் பாதி மாற்றி, சேவ் அடித்து, சாப்பிடப் போய்விட்டார். நான் என் வார் ஃபைலை (வெப் அப்ளிகேஷன் பொட்டலத்தை) ஏற்றி ஆக்டிவேட் செய்தேன். அவருடைய பாதி யூஆர்எல்லும் சேர்ந்து போனது. ‘வியூ சேஞ்சஸ் அண்ட் ரீஸ்டார்ட்ஸ்’ என்ற இணைப்பு ஆக்டிவேட் பட்டனுக்கு மேலேயே இருந்தது. ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மாலையை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். மறுநாளே ஆளுக்கொரு யூசர் உருவாக்கினோம்.

இதில் நான் காதலித்த ஒன்றும் உண்டு: மேல் வரிசையில் ஹெல்ப்புக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ‘ரெக்கார்ட்’. அதை அழுத்திவிட்டு நீங்கள் செய்யும் கான்ஃபிகரேஷன் மாற்றங்களை அது டபிள்யூஎல்எஸ்டி (வெப்லாஜிக்கைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) ஸ்கிரிப்டாக எழுதித் தந்துவிடும். அதன் மொழியான ஜைத்தான் ஒரு வரிகூடத் தெரியாத காலத்தில் பன்னிரண்டு டேட்டா சோர்ஸ்களை டெஸ்டிலிருந்து ப்ரொடக்‌ஷனுக்கு இப்படித்தான் கொண்டுபோனேன். முதலாவதை மட்டும் கிளிக் செய்தேன்; மீதி பதினொன்றும் காப்பி பேஸ்ட். அது எதைப் பதியாது தெரியுமா? கன்ட்ரோல் டேபில் செய்யும் ஸ்டார்ட், ஸ்டாப்பை. அந்த ஸ்கிரிப்டை நம்பி இறங்கினால் மறுபடியும் ‘ப்ரிப்பேர்ட்’.

இனி நண்பன் கேள்வி. ஆமாம், 2024 டிசம்பரில் வந்த 14.1.2-இல் பழைய கன்சோல் இல்லை. அதற்குப் பதில் ரிமோட் கன்சோல். டெஸ்ட் மெஷினில் ஏற்றி ஒரு மாதமாகப் பார்க்கிறேன். வேகம், சுத்தம், ‘லாக் அண்ட் எடிட்’ அழுத்தும் வேலையே இல்லை. மாற்றங்கள் கூடை போன்ற ஒரு ஐகானில் சேரும், பிறகு கமிட். கடைக்குப் போய்ச் சாமான் எடுப்பது மாதிரி. நல்ல முன்னேற்றம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் எடிட் ட்ரீயில் ஏற்றி, கமிட் செய்துவிட்டு, ஸ்டார்ட் எங்கே என்று தேடினால், அது மானிட்டரிங் ட்ரீக்குள் அப்ளிகேஷன் மேனேஜ்மென்டில் உட்கார்ந்திருக்கிறது. வீடு மாறியும் மாமியார் கூடவே வந்துவிட்டார்.

நண்பனிடம், “எந்தக் கன்சோலும் வேண்டாம்டா, டபிள்யூஎல்எஸ்டி கத்துக்கோ” என்றேன். நாளை ராத்திரி எங்களுக்கு ரிலீஸ், இன்னும் 12.2.1.4-இல்தான். ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது. நான் கன்சோலில்தான் ஏற்றப் போகிறேன்.