கழி இடைவெளி சுத்தம், மணல்தான் மோசம்: கோலாலம்பூர்ப் புறநகர் லாயம் ஒன்றின் தாண்டல் வகுப்பு

கோலாலம்பூருக்கு வெளியே உள்ள ஒரு லாயம் நடத்தும் பத்து வகுப்புக் குதிரைத் தாண்டல் பயிற்சி இது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். சேணத்தைப் பிடிக்காமல் ட்ராட்டும் (துள்ளு நடை) கேன்டரும் (அதைவிட வேகமான தாவு நடை) ஓட்டத் தெரிந்தவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். நல்ல நிபந்தனை.

முதல் மூன்று வகுப்பில் தாண்டலே கிடையாது, தரையில் கிடக்கும் கழிகள்தான். காசு கட்டியது இதற்கா என்று பெற்றோர் சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் இந்த லாயத்தின் உருப்படியான பகுதியே இதுதான். பயிற்றுநர் கண்மதிப்பை நம்பாமல் அளவு நாடாவோடு நடக்கிறார். ட்ராட்டுக்குக் கழிக்குக் கழி 1.3 மீட்டர், குதிரை குட்டையென்றால் 1.2. இடைவெளி கூடினால் குதிரை எட்டிப் பார்த்து, முடியாமல் கேன்டருக்குத் தாவிவிடும். குறைந்தால் கழியை மிதித்துத் தடுமாறும்.

நான்காவது வகுப்பில் கடைசிக் கழிக்கு 2.7 மீட்டர் தள்ளி ஒரு கிராஸ் ரெயில், அதாவது இரு கழிகளைக் குறுக்காக வைத்த தாழ்ந்த தடை. அதைத் தாண்டி இறங்கியதும் 5.5 மீட்டரில் நேர்த்தடை. ட்ராட்டில் வந்த குதிரை நடுவில் ஒரே ஒரு கேன்டர் எட்டு வைக்க இந்த இடம் போதும். கேன்டரிலேயே வந்தால் அதே ஓர் எட்டுக்கு 7.3 மீட்டர் வேண்டும். இரண்டையும் குழப்பும் இடங்களில்தான் குதிரை தடைக்கு மிக அருகில் போய் மாட்டிக்கொள்கிறது, அல்லது தொலைவிலிருந்தே பாய்கிறது. பாயும்போது பின்தங்கும் பிள்ளை கடிவாளத்தில் தொங்குவான். வாய் வலித்த குதிரை அடுத்த முறை தடைக்கு முன்னே நின்றுவிடும். பிறகு குதிரைக்குப் பிடிவாதம் என்பார்கள்! இங்கே அந்தத் தவறு இல்லை. கால் வைக்கும் அங்கவடியை இரண்டு மூன்று துளை ஏற்றி, கழுத்தில் ஒரு வாரையும் கட்டிவிடுகிறார்கள். கை தடுமாறினால் வாரைப் பிடித்துக்கொள்ளலாம், குதிரையின் வாய் தப்பும்.

ஏழாவது வகுப்பில் ஹண்டர், ஜம்பர் என்று பிரிக்கிறார்கள். இங்கேதான் சறுக்கல். ஹண்டரில் நடுவர் பார்ப்பது அழகு: ஒரே சீரான வேகம், தடைக்குத் தடை ஒரே மாதிரியான புறப்பாடு, முழங்காலை மடக்கும் விதம். ஜம்பரில் அழகுக்கு மதிப்பெண் இல்லை. கழி விழுந்தால் 4 தவறுப் புள்ளி, அதோடு நேரக் கணக்கு. இதைச் சொல்லிவிட்டு, எட்டாவது வகுப்பிலேயே நேரங்காட்டியைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? திருப்பத்தைக் குறுக்கே வெட்டுகிறார்கள், குதிரை சாய்ந்தபடி தடைக்கு வந்து தட்டையாகத் தாண்டுகிறது, கழி விழுகிறது. சீரான கேன்டர் கைவராதவருக்கு நேரப்போட்டி எதற்கு? பத்தாவது வகுப்பில் 80 சென்டிமீட்டர் உயரத் தடை என்று விளம்பரத்தில் போட்டுவிட்டதால் வந்த அவசரம் போலிருக்கிறது. 60 சென்டிமீட்டரில் ஐந்து தடையை ஒரே தாளத்தில் முடிப்பது அதைவிடக் கடினம்.

திடல்தான் பெரிய குறை. மணலின் மேலடுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை இளகலாக இருந்து, அதன் கீழே கெட்டியாக இருக்க வேண்டும். இங்கே தடைகளை நாள்கணக்கில் நகர்த்துவதில்லை. புறப்படும் இடமும் இறங்கும் இடமும் குழிந்து, மாலை மழைக்குப் பின் அங்கேயே தண்ணீர் தேங்குகிறது. ஆழமான மணலில் உந்தி எழும்பும் குதிரைக்கு முன்கால் தசைநாண் போகும். அப்புறம் மாதக்கணக்கில் ஓய்வுதான். தடையை இரண்டு மீட்டர் தள்ளிப்போட்டு, தினமும் மணலை வாரிச் சமப்படுத்தினாலே பாதி தீர்ந்துவிடும். முன்னும் பின்னுமாக இரு கழி வைத்த அகலத் தடையான ஆக்ஸரின் பின்கழிக்குப் பாதுகாப்புத் தாங்கி இல்லாததும் சரியல்ல. குதிரை மேலிருந்து விழுந்து அழுத்தினால் அந்தத் தாங்கி கழன்று கழியை விட்டுவிட வேண்டும். சாதாரணத் தாங்கி பிடித்துக்கொள்ளும்.

குதிரைகளில் பாதி, பந்தயம் ஓடி ஓய்ந்த தரப்ரெட் என்ற பந்தய இனம். பந்தயத்தில் கடிவாளத்தை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியவை. பயந்துபோய் இழுக்கும் புதியவருக்கு இது நேர் எதிரான பதில். இவற்றைப் பயிற்றுநர் தேறியவர்களுக்கு மட்டும் கொடுப்பதைப் பாராட்ட வேண்டும். எந்தக் குதிரை யாருக்கு என்பதில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன்களின் சொல்லுக்கும் அங்கே மதிப்பு உண்டு. அவர்களோ தமிழர்கள். குதிரையின் அன்றைய மனநிலையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. காலை 7 முதல் 9 வரை ஒரு சுற்று, மாலை 5-க்குப் பின் இன்னொன்று. வகுப்பு முடிந்ததும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுகிறார்கள். மூச்சு வாங்கியும் உடம்பு காய்ந்தே இருக்கும் குதிரையை, அதாவது வியர்வை நின்றுபோனதை, தாண்டலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்கு இது வருவதுண்டு. கவனிக்காமல் ஓட்டினால் உயிருக்கே ஆபத்து.

தலைக்கவசத்தை மட்டும் அங்கே இரவல் வாங்காதீர்கள். வியர்வையில் ஊறிய பழைய சரக்கு. எது எத்தனை முறை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே பாஸ் 015 (PAS 015) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 (ASTM F1163) என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ளதாகச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பலமாக ஒருமுறை அடிபட்டால் அதையும் மாற்றிவிட வேண்டும்.

காலை வகுப்பையே கேளுங்கள், மணல் அப்போதுதான் ஓரளவு காய்ந்திருக்கும். மாலையில் இடி இடித்தால் வகுப்பு நிற்கும், பணம் திரும்பாது. அதற்குப் பதிலாக லாயத்தின் நடைபாதையில் தடைகளுக்கு இடையே நடந்து அளக்கக் கற்றுத்தருகிறார்கள்: 90 சென்டிமீட்டருக்கு ஓர் அடியாக நான்கு அடி வைத்தால் குதிரைக்கு ஓர் எட்டு. இறங்கவும் புறப்படவும் சேர்த்து நான்கு அடியைக் கழிக்க வேண்டும். இருபது அடி என்றால் நான்கு எட்டு. ஐந்து என்று சொல்லும் பிள்ளையைத் திரும்பவும் முதலிலிருந்து நடக்கவிடுகிறார்கள்.