பொருள் தீர்ந்தது, வாசகம் தீரவில்லை: ஒரு வீட்டு மதிப்புரை

சோப்பைப் பற்றியும் காபித்தூளைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, அவற்றின் விளம்பரத்தோடு இலவசமாக வீட்டுக்குள் வந்து, தலைமுறை தாண்டியும் புழங்கிக்கொண்டிருக்கும் வாசகங்களைப் பற்றி. என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். நேராகச் சொன்னால் சண்டை வரக்கூடிய விஷயத்தை, அந்த வாசகத்தை வைத்துச் சிரித்தபடி சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது நல்ல சரக்கு.

முதல் இடம் நரசுஸ் காபியின் ‘பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு’ என்பதற்குத்தான். விளம்பரத்தில் அது பாராட்டு. எங்கள் வீட்டில் அதை நம்பி யாரும் மகிழ்ந்ததில்லை. காபித்தூள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, என் மாமியார் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒற்றைப் ‘பேஷ்’ சொன்னால் பிழைத்தேன். இரண்டு பேஷ் வந்தால் டிகாக்‌ஷன் தண்ணீராகிவிட்டது. ‘ரொம்ப நன்னாயிருக்கு’ வரை போய்விட்டால், டம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். நாங்கள் ‘நன்னா’ என்று பேசுகிற குடும்பம் இல்லை. அதனாலேயே கிண்டல் அந்தச் சொல்லில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. மகளின் கணக்கு மதிப்பெண்ணுக்கும், என் கணவர் மீசைக்கு மை தீட்டிக்கொண்டு வந்து நின்ற காலைக்கும் இதே வாசகம் போதுமானதாக இருந்தது.

அடுத்து லைஃப்பாயின் ‘லைஃப்பாய் எவ்விடமோ, ஆரோக்கியம் அவ்விடமே.’ இந்தியாவில் அந்த சோப்பு 1895-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது; பாட்டு அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. இரண்டு பெயர்களை எடுத்துவிட்டு வேறு எந்த இரண்டை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும் என்பதுதான் இதன் பெருமை. ‘ரிமோட் எவ்விடமோ, அப்பா அவ்விடமே.’ ‘செல்போன் எவ்விடமோ, மாப்பிள்ளை அவ்விடமே.’ இந்தக் கடைசி வரியை மாப்பிள்ளை காதில் விழும்படியே சொன்னோம். அவரும் சிரித்தார். செல்போனைக் கீழே வைத்தாரா என்பது வேறு கதை.

கோல்கேட்டின் ‘உங்க டூத்பேஸ்ட்டில் உப்பு இருக்கா?’ மிகவும் நுட்பமான கருவி. விருந்துக்கு வந்த என் கொழுந்தன் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, “அண்ணி, உங்க டூத்பேஸ்ட்டில் உப்பு இருக்கா?” என்றான். உப்பு ஜாடி இலைக்குப் போனது. யார் முகமும் வாடவில்லை. அந்தப் பற்பசையை நாங்கள் வாங்கியதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹார்லிக்ஸின் ‘அப்படியே சாப்பிடுவேன்’ பழைய குழம்பைச் சூடாக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு மட்டும் உதவும். ‘வாஷிங் பவுடர் நிர்மா’ துணி துவைக்கும்போது முணுமுணுக்க இதமான மெட்டு. ஆனால் பேச்சுக்குப் பயன்படாது, உள்ளே பெயரைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் பெயரே நிர்மாவைத் தொடங்கிய கர்சன்பாய் படேல் தன் மகள் நிருபமாவின் பெயரை ஒட்டி வைத்தது என்று நான் சொல்லப்போக, “அப்பா என் பேரில் என்ன வைத்திருக்கிறார்?” என்று கேட்டாள் மகள். வைஃபை பாஸ்வேர்டு என்று பதில் வந்தது.

சர்ஃப் எக்ஸலின் ‘கறை நல்லது’ பிள்ளைகள் வாயில் அழகாக இருக்கும். பெரியவர்கள் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கல்யாணப் பந்தியில் சித்தியின் பட்டுப்புடவை மீது சாம்பார் சிந்தியபோது பக்கத்து இலைக்காரர் இதைச் சொன்னார். அவர்கள் இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். எங்கள் கையிருப்பில் பாதி பழைய சரக்கு. விவித பாரதியில் 1967-இல் விளம்பரம் தொடங்கியது, தூர்தர்ஷனில் 1976-இல். கூடத்தில் ஒரே ஒரு பெட்டி இருந்த காலம். பாட்டி முதல் பேரன் வரை அதே விளம்பரத்தை வேண்டாவெறுப்பாகவேனும் சேர்ந்து கேட்டார்கள்; அதனால் ஒருவர் எடுத்துக்கொடுத்தால் மற்றவருக்குப் புரிந்தது. இப்போது ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு விளம்பரம், அதையும் ஐந்தாவது விநாடியில் தள்ளிவிடுகிறோம். என் மகன் எதையோ பாடிக்காட்டிச் சிரிக்கிறான். நான் விளக்கம் கேட்கிறேன். விளக்கம் கேட்ட பிறகு வாசகம் எதற்கு உதவும்?

இந்த வறட்சியிலும் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டது. அது வாசகம்கூட இல்லை, விளம்பரத்தின் கடைசியில் வரும் எச்சரிக்கை: ‘மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை.’ சமையலறைக் குழாயை ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சரிசெய்துவிடுவதாக என் கணவர் வாக்குக் கொடுத்ததும், மகள் மூச்சு விடாமல் “சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது, ஆவணங்களைக் கவனமாகப் படிக்கவும்” என்று முடித்துவைத்தாள். அவரே சிரித்துவிட்டார். முழு மதிப்பெண் கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அறிவிப்பாளரின் அதே வேகத்தில்தான் சொல்ல வேண்டும். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் அது குத்தல், சண்டை நிச்சயம்.