கிட்டார் வகுப்புக்கு 8,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்று காலையில்தான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினார்கள். ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன். 8,500 ரூபாய்!

பெயர் வேண்டாம். ரீல்ஸில் விளம்பரம் வரும் ஆன்லைன் கிட்டார் வகுப்பு. மூன்று மாதம், 24 நேரடி வகுப்பு, கூடவே டேப் புத்தகம் என்றார்கள். டேப் என்றால் ஆறு கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி, அதன்மேல் உள்ள எண் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டும் முறை.

இலவச டெமோவில் மாஸ்டர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது கம்பியில் 3வது ஃப்ரெட் (கம்பியை அழுத்தும் கட்டம்; 0 என்றால் அழுத்தாமல் மீட்டுவது). அப்புறம் நாலாவதில் 0, 2, 3. மூன்றாவதில் 0, 2. இரண்டாவதில் 0, 1. "இதுதான் சி மேஜர் ஸ்கேல். நம்ம சங்கராபரணம் சார், வந்துடுச்சு பாருங்க!" என்றார். அம்மா சமையலறையில் முணுமுணுக்கும் ராகம் என் விரலில் வந்ததும் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரியே மொத்தப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

நேரடி வகுப்பு இரண்டே இரண்டு நடந்தது. பிறகு பழைய வீடியோ லிங்க்தான். டேப் புத்தகம் என்று வந்தது 40 பக்க பிடிஎஃப். அதில் முதல் பக்கத்திலேயே மேல்கோடு தடித்த கம்பி என்று போட்டிருந்தது. ஸ்கேல் பக்கங்கள் அந்தக் கணக்குப்படி சரியாகவே வந்தன. பாட்டுப் பக்கங்களோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை, வழக்கமான முறையில் இருந்தவை. மெல்லிய கம்பியில் வரவேண்டிய மெட்டைத் தடித்த கம்பியில் வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம்! என் காதுதான் சரியில்லை என்று நினைத்து, விரல் நுனி தோல் உரியும்வரை வாசித்தேன்.

அக்கா பையன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, டேப்ல அடிக்கோடுதான் தடித்த கம்பி. மடியில வச்சுக் குனிஞ்சு பாருங்க, உங்க பக்கத்துல இருக்கிறது தடித்த கம்பிதானே, அதே வரிசைதான்" என்றான். அரை நிமிஷ வேலை. 8,500 ரூபாய் வாங்கியவர்கள் இதைச் சொல்லவில்லை.

கேட்டதற்கு முதலில், "பிராக்டிஸ் பத்தாது சார்." பிடிஎஃப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், "டீமுக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கோம்." பாக்கி வகுப்புகள் என்ன ஆயிற்று என்றால், "மாஸ்டர் கச்சேரியில இருக்கார்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. ஆறு நாள் கழித்து, "ரீஃபண்ட் பாலிசி கிடையாது." நான் இதைக் குழுவில் போட்டதும் நீக்கிவிட்டார்கள். அங்கே இன்னும் எத்தனை பேர் தலைகீழாக வாசித்துக்கொண்டிருக்கிறார்களோ.

சேரும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கொடுங்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அடிக்கோடு எந்தக் கம்பி என்று பாருங்கள். ரீஃபண்ட் பற்றி எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இப்போது அங்கேதான் கூப்பிடப் போகிறேன்.