கருமுட்டை தானமா, வாடகைத் தாயா, தத்தா? பெற்றோர் உரிமை எங்கே சுலபமாக உறுதியாகிறது

என் கருமுட்டையில் கரு நிற்காது என்று தெரிந்ததும் எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: தானக் கருமுட்டையில் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை), வாடகைத் தாய், தத்து. முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். செலவும் அலைச்சலும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எங்களை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: நாங்கள்தான் அப்பா, அம்மா என்பது எப்போது, யார் கையெழுத்தில் உறுதியாகிறது?

தத்தில் அது கலெக்டர் கையெழுத்து. 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் செய்த வேலை அது. உத்தரவு வந்த தேதியிலிருந்துதான் குழந்தை சட்டப்படி உங்களுடையது. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது.

வாடகைத் தாய் வழியில் நாங்கள் போகவில்லை. படித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பணத்துக்காகச் சுமப்பது குற்றம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டும் தரலாம். சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரே முறைதான். சிகிச்சை தொடங்கும் முன்பே பெற்றோர் உரிமை பற்றி மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டும். அப்புறம் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2023 மார்ச்சில் தானக் கருமுட்டை கூடாது என்றார்கள்; 2024 பிப்ரவரியில் மாவட்ட மருத்துவ வாரியம் சான்று கொடுத்தால் சரி என்றார்கள். எங்களுக்குத் தானக் கருமுட்டை இல்லாமல் வேறு வழியே இல்லை. ஒரு திருத்தத்தை நம்பி ஒன்பது மாதத்தை ஒப்படைக்க மனம் வரவில்லை.

தானக் கருமுட்டையில் நீதிமன்றமும் இல்லை, கலெக்டரும் இல்லை. பெற்றவள் நான். ஆஸ்பத்திரி என் பெயரைத் தாயாகப் பதிந்தது, பிறப்புச் சான்றிதழ் அப்படியே வந்தது. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், அந்தக் குழந்தையைத் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதுகிறது. சொத்துரிமை உட்பட எல்லாம் பிறந்த நாளிலிருந்தே உண்டு. கருமுட்டை தந்தவருக்குக் குழந்தை மேல் எந்த உரிமையும் கிடையாது. தகப்பன் விஷயத்தில் பழைய சாட்சியச் சட்டமே துணையாக இருந்தது: திருமண பந்தத்தில் பிறந்த குழந்தை கணவரின் குழந்தைதான். அதற்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டமும் 116-ஆம் பிரிவில் அதை வைத்திருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒரே பக்கம் நிற்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

இதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. என் தங்கை தருகிறேன் என்றாள். ஆனால் பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும். தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறை, ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவர் தந்ததை ஒரே தம்பதிக்குத்தான் கொடுக்கலாம். தருபவரின் உடம்பைக் காக்கும் இந்த வரம்புகளை நான் மனதார வரவேற்கிறேன்.

எங்கள் வழி பின்தங்குவது ஓர் இடத்தில். தத்துக் குழந்தை 18 வயதானதும் தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்க விதியிலேயே இடம் இருக்கிறது. எங்களுக்கோ தந்தவர் யாரென்று சொல்லவில்லை. மகளிடம் உண்மையைச் சொல்வது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அவள் இன்னும் சின்னவள், எந்த வயதில் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு அனுபவம் போதாது. இதில் தத்தெடுத்த பெற்றோரிடம் கேளுங்கள்.

கருப்பையே இல்லாதவர்களுக்கும், கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்பவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் வாடகைத் தாய் வழியில் போவதானால், மாஜிஸ்திரேட் உத்தரவு கைக்கு வரும் வரை சிகிச்சைக்குத் தேதி குறிக்க வேண்டாம்.