வீட்டுப் பெயரைத் தேடி ஒய்-டிஎன்ஏ: சில வருட அனுபவம்

அப்பா வழியை மட்டும் காட்டும் ஒய்-டிஎன்ஏ பரிசோதனை காசுக்குத் தகுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களோடு சேர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? ஒருவர் மட்டும் செய்தால் கையில் கிடைப்பது பிரிவைக் குறிக்கும் ஓர் எழுத்தும் சில எண்களும். குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

நாங்கள் மதுரை சௌராஷ்டிரர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களில் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். எங்களுக்கோ அப்பா பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப் பெயரும் விடாமல் வரும். டி.எம்.சௌந்தரராஜனின் 'டி'கூட தொகுளுவா என்ற வீட்டுப் பெயர்தான். எங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவருடைய ஒய் முடிவு அவருடைய அண்ணன், தம்பி, சித்தப்பா, பங்காளி எல்லாருக்கும் பொருந்தும். அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்க என்னால் முடியாது.

எங்கள் வீட்டுப் பெயர் பரமக்குடியிலும் சேலத்திலும் உண்டு. "எல்லாரும் பங்காளிதான்டா, பெயரே குஜராத்திலிருந்து கூட வந்தது" என்பார் பெரியப்பா. குஜராத்திலிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், அப்புறம் நாயக்கர் காலத்தில் பட்டு நெய்ய மதுரை என்பது எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்லும் வழி. ஐந்தாம் நூற்றாண்டு மந்தசோர் கல்வெட்டையும் சான்றாகக் காட்டுவார்கள். லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) குடிபெயர்ந்து சூரியன் கோயில் கட்டியதை அது சொல்கிறது. லாடம் என்பது தென் குஜராத், சௌராஷ்டிர தீபகற்பம் இல்லை என்று நான் சொன்னால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இரண்டு விஷயம்: இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே ஆணின் வழியா? பெயர் வடக்கிலிருந்து வந்ததா, தெற்கில் ஒட்டிக்கொண்டதா?

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குக் கிட்டத்தட்ட அப்படியே போகிறது. குடும்பப் பெயரும் அதே வழியில் போவதால் இரண்டையும் ஒப்பிடலாம். இங்கிலாந்தில் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000-இல் தன் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தபோது, கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் இருந்தது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வம்சாவளிச் சோதனைகள் இதற்கு உதவாது. ஆன்செஸ்ட்ரி நிறுவனம் ஒய் பிரிவையே சொல்வதில்லை. 23அண்ட்மீ நிறுவனம் மேலோட்டமான ஹாப்லோகுரூப்போடு, அதாவது ஒய் வழியின் பெரிய பிரிவோடு, நிறுத்திவிடும்.

நான் ஃபேமிலிட்ரீடிஎன்ஏ என்ற நிறுவனத்தில், ஒய்யில் 37 இடங்களை மட்டும் பார்க்கும் 37 மார்க்கர் சோதனையில் ஆரம்பித்தேன். கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் தேய்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒய் ஒத்துப்போகிறவர்களைக் காட்டும் பொருத்தங்கள் பக்கம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. அங்கே பரிசோதித்துக்கொள்பவர்களில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு முதல் நாளே நூறு பொருத்தம் வரலாம், நமக்கு வராது. இதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

அப்புறம் அதே நிறுவனத்தின் விரிவான சோதனையான பிக் ஒய்-700க்கு மாறினேன். அப்போது தள்ளுபடி இல்லாமல் சுமார் 450 டாலர். விலை கனம்தான், ஆனால் வேலைக்கு ஆவது இதுதான். 37 மார்க்கர் சோதனையில் எண்ணுவது எஸ்டிஆர், அதாவது டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பது. அவை மாறும், சில சமயம் திரும்பவும் பழைய எண்ணுக்கே வரும். பிக் ஒய் தேடுவது எஸ்என்பி, அதாவது டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து மாற்றம். ஒருமுறை விழுந்த எஸ்என்பி சந்ததி முழுக்க நிற்கும். சராசரியாக 80 வருடத்துக்குச் சற்று மேல் ஒன்று என்று கணக்கு. எனக்கு எல்-எம்27 பிரிவில் ஒரு கிளை வந்தது. எல்-எம்27 இந்தியாவில் பரவலாக உள்ளதுதான்.

மூலக் கோப்பை, உலகளவில் ஒய் வழிகளின் மரத்தை வைத்திருக்கும் ஒய்ஃபுல் தளத்திலும் ஏற்றினேன். ஆயிரம் ஜீனோம் என்ற உலக ஆய்வுத் திட்டத்தின் மாதிரிகளை அங்கே மரத்தில் வைத்திருக்கிறார்கள்: ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், இலங்கைத் தமிழர்கள் என்று. எனக்கு மேலே இருந்த முடிச்சில், அதாவது கிளைகள் பிரியும் இடத்தில், ஒரு குஜராத்தியின் மாதிரி. பெரியப்பா வீட்டில் அன்று கொண்டாட்டம். ஆனால் அதே முடிச்சில் தெலுங்கு மாதிரியும் இருந்தது. முடிச்சின் வயதோ மூவாயிரம் வருடத்துக்கு மேல். எந்த இடப்பெயர்ச்சிக் கதைக்கும் முந்தைய காலம் அது. குஜராத்துக்கு ஆதரவாகவும் அதைப் படிக்க முடியாது, எதிராகவும் முடியாது.

ஆள் சேர்த்த பிறகுதான் காசுக்குப் பலன் தெரிந்தது. பரமக்குடிக் கிளையின் சித்தப்பா ஒருவர் மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருந்தபோது கேட்டேன், ஒத்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் பொதுவான எஸ்என்பிகளுக்குக் கீழே ஆளுக்கு மூன்று மட்டும் தனி. கணக்குப்படி பொதுவான முப்பாட்டன் 1700 வாக்கில் வாழ்ந்திருக்கலாம். ஆனால் எல்லை 1450-இலிருந்து 1850 வரை விரிகிறது. நடுவில் இருக்கும் வருடத்தைப் பிறந்த தேதி மாதிரி யாரிடமும் சொல்லாதீர்கள். பங்காளி என்று பெரியவர்கள் சொன்னது இந்தக் கிளையைப் பொறுத்தவரை சரி.

நான் எதிர்பார்க்காத பொருத்தம் கும்பகோணத்துக் குடும்பத்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. எங்கள் கோத்திரம், ஆனால் வேறு வீட்டுப் பெயர். அவர் எங்களிடமிருந்து பிரிவது இன்னும் ஒரு படி மேலே, 1500-ஐ ஒட்டி. ஆக, வழி ஒன்றாக இருந்தபோது இந்த இரண்டு பெயர்களில் குறைந்தது ஒரு பெயர் இல்லை, அது பிரிந்த பிறகுதான் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தெற்கே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், எங்கள் பெயர் விஜயநகரத்திலோ மதுரையிலோ கிடைத்திருக்கலாம். எங்களுடையது பழையது, அவர்கள்தான் மாற்றிக்கொண்டார்கள் என்பது பெரியப்பாவின் வாதம். அதையும் தள்ள முடியாது.

சேலத்துக்காரர் விஷயம் வேறு. அதே பெயர், அதே கோத்திரம், ஆனால் ஹாப்லோகுரூப் ஜே2. எல்லும் ஜேவும் பிரிந்து நாற்பதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. பங்காளி என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிவு இப்படியும் வரலாம் என்று பரிசோதனைக்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். சிலர் உடனே கள்ள உறவு என்று முடிவுகட்டுவார்கள். சுவீகாரம் இருக்கலாம், மாமனார் வீட்டோடு தங்கிய மாப்பிள்ளை அந்த வீட்டுப் பெயரை எடுத்திருக்கலாம், ஒரே பெயர் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனியாகவும் வந்திருக்கலாம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பையே எடுத்துப் பார்த்தபோது, அரச குடும்பத்தின் ஆண் வழிச் சந்ததியினர் என்று ஆவணம் சொன்னவர்களின் ஒய் அவரோடு பொருந்தவில்லை.

இன்னொரு தொல்லை, முடிவைக் கேட்டவுடன் சாதிக் கணக்குப் போடுபவர்கள். ஆர்1ஏ பிரிவு வந்தால் உயர்சாதி என்று பெருமை, எல் வந்தால் முகவாட்டம். ஆந்திரத்துச் செஞ்சு பழங்குடியினரிடமும் ஆர்1ஏ இருக்கிறது என்று சொன்னால் பேச்சு நின்றுவிடும். ஒய் காட்டுவது ஒரே ஒரு மூதாதை வழியைத்தான். பத்துத் தலைமுறை மேலே போனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூதாதை இடங்கள். அதில் ஒன்று அது.

தனியுரிமை பற்றி யோசிக்காமல் இறங்காதீர்கள். ஃபேமிலிட்ரீடிஎன்ஏ தரவை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ பயன்படுத்துவது 2019-இல் வெளியே தெரிந்தது. காவல்துறைப் பொருத்தங்களிலிருந்து விலகிக்கொள்ள கணக்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் வழி இருக்கிறது. 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டபோது எல்லாருக்கும் வந்த கேள்வி, நாம் கொடுத்த டிஎன்ஏ மாதிரி இனி யார் கையில் என்பதுதான். நான் உறவினர்களின் கணக்குகளை அவரவர் மின்னஞ்சலிலேயே வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் அவர்களே அழித்துக்கொள்ளலாம்.

செய்வதாக இருந்தால், குறைந்தது இரண்டு தூரத்துக் கிளைகளிலிருந்து ஆள் ஒத்துக்கொண்ட பிறகு நேராக பிக் ஒய்க்கே போங்கள். உடன்பிறந்த அண்ணன் தம்பி இருவரும் செய்வது வீண். ஏப்ரல் 25 டிஎன்ஏ தினத்தை ஒட்டி விலை இறங்கும்.

சேலத்தில் அதே பெயரில் வேறொரு தாத்தாவின் வழியில் வந்த இன்னொருவரைக் கேட்டு வைத்திருக்கிறேன். அவருக்கும் ஜே2 வந்தால் அங்கே பெயர் தனியாக வேர்விட்டது என்ற பக்கம் சாய்வேன். எல் வந்தால் சுவீகாரக் கதையை அந்தக் குடும்பத்தின் பழைய பத்திரங்களில் தேட வேண்டும். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.