ஜப்பானிய டாட்டூ: பாரம்பரியமா, நவீனமா?

புதுச்சேரியில் டாட்டூ போட நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

தோற்றம்
பாரம்பரியம்: தடித்த கறுப்பு அவுட்லைன், பின்னணி முழுக்க அலை, மேகம்.
நவீனம்: மெல்லிய கோடு, நிறைய நிறம், பின்னணி இல்லாமலும் எடுபடும்.

இடமும் செலவும்
பாரம்பரியம்: தோளிலிருந்து முழங்கை வரையாவது வேண்டும். பல அமர்வுகள், நடுவில் 3, 4 வாரம் ஆறவிட வேண்டும். செலவு அதற்கேற்ப ஏறும்.
நவீனம்: உள்ளங்கை அளவு என்றால் பெரும்பாலும் ஒரே அமர்வு.

நீடிப்பு
மை வருடக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும். ஜப்பானிய டாட்டூக்களில் அடிக்கடி வரும் கெண்டை மீனின் செதில்களை நெருக்கி வரைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். நடுவில் வெறும் தோல் தெரியும்படி விடச் சொல்லுங்கள். சின்ன நவீன டிசைன்களில் இப்படிக் கோடுகள் ஒட்டிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். மாநிறத் தோலில் வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கறுப்பும் அடர் சிவப்பும் நிற்கும். இதில் பாரம்பரியத்துக்கே என் ஓட்டு.

முழுக் கைக்குத் திட்டமிட்டால் பாரம்பரியம். முதல் டாட்டூ, சிறிய பட்ஜெட் என்றால் நவீனம். அதற்கு மலரோ ஜப்பானிய முகமூடியோ ஒன்றே போதும்.

எதுவானாலும் அந்தக் கலைஞர் போட்டு, ஒரு வருடமாவது ஆன டாட்டூவின் படத்தைக் கேளுங்கள். டாட்டூ போட்ட பிறகு 3 வாரம் கடலில் இறங்காதீர்கள்.