புது சிப்புக்குக் காத்திருப்பதா, இன்றே எடுப்பதா: டெல்டாவில் லேப்டாப் வாங்குவோருக்கு ஒரு கணக்கு

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லேப்டாப் விலை கேட்கப் போனால் இப்போது இரண்டு யோசனை கிடைக்கும். “புது சிப் வந்துக்கிட்டு இருக்கு, ரெண்டு மாசம் பொறுங்க சார்” என்பது ஒன்று. “ரேம் விலை ஏறுது, இன்னிக்கே எடுத்துடுங்க” என்பது மற்றொன்று. இரண்டுமே பொய்யில்லை. யார் காத்திருக்கலாம், யாருக்குக் காத்திருப்பது நட்டம் என்பது செய்யப்போகிற வேலையைப் பொறுத்தது. 50,000 முதல் 1 லட்சம் ரூபாய்க்குள் வாங்குகிற பெரும்பாலோருக்குப் புதுத் தலைமுறை சிப் இரண்டாம்பட்சம். ரேம் எவ்வளவு, அதைப் பின்னால் கூட்ட முடியுமா, திரை எப்படி, பேட்டரி எத்தனை வாட் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) என்ற நான்கும்தான் ஐந்து வருடம் மெஷினைத் தாங்கும்.

வந்திருப்பதையும் வரப்போவதையும் முதலில் பார்த்துவிடலாம். பாந்தர் லேக் என்ற பெயரில் பேசப்பட்ட கோர் அல்ட்ரா 3ஆம் வரிசையை இன்டெல் 2026 ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் வெளியிட்டது. இதில் எக்ஸ்7, எக்ஸ்9 என்று பெயரில் ‘எக்ஸ்’ உள்ளவற்றில்தான் 12 கோர் கொண்ட பெரிய கிராஃபிக்ஸ் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெல்லிய மெஷினில் கேம், வீடியோ எடிட்டிங் இரண்டும் வேண்டும் என்பவர் இதற்காகக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெரிய கிராஃபிக்ஸ் சிப்புகள் போர்டில் பற்றவைத்த ரேமோடுதான் வரும், பின்னால் கூட்ட முடியாது. ஆகவே காத்திருப்பவர் 32 ஜிபிக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். அதே கண்காட்சியில் ஏஎம்டி அறிவித்த ரைசன் ஏஐ 400 வரிசையில் இருப்பது, 300 வரிசையின் அதே ஜென் 5 வடிவமைப்புதான். வேகம் மட்டும் சற்றுக் கூடியிருக்கிறது. இதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. ரைசன் ஏஐ 300 மெஷின் தள்ளுபடியில் கிடைத்தால் எடுத்துவிடலாம்.

“புது மாடல் வந்தால் பழசு விலை இறங்கும்” என்று காத்திருப்பது இத்தனை வருடமும் பலித்த கணக்கு. இந்த முறை அது இடறுகிறது. ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குத் தொழிற்சாலைகள் திரும்பியதால் 2025 பிற்பாதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. பழுதுபார்க்கும் கடைகளில் பலரும் போட்டுத் தந்த க்ருஷியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. “8 ஜிபியில் வாங்கிக்குவோம், அடுத்த வருஷம் இன்னொரு 8 போட்டுக்கலாம்” என்ற பழைய வழி முன்போல மலிவு இல்லை. ஒரே நாளில் இரண்டு விலை கேளுங்கள்: அதே மாடல் 16 ஜிபியில் எவ்வளவு கூடுதல், 8 ஜிபி ரேம் துண்டு தனியாக எவ்வளவு. கம்பெனியே போட்டுத் தரும் 16 ஜிபியின் கூடுதல் விலை துண்டின் விலைக்கு அருகில் இருந்தால் யோசிக்காமல் 16 எடுங்கள்.

அதிகம் பேர் இடறும் இடம் சிப்பின் பெயர். கோர் அல்ட்ரா 7 255யு, 255ஹெச், 256வி மூன்றும் விலை அட்டையில் “அல்ட்ரா 7” என்றே இருக்கும். உள்ளே மூன்றும் வேறு வேறு. 255யு என்பது 2023 டிசம்பரில் வந்த மீட்டியர் லேக் என்ற சிப் வரிசையின் திருத்திய பதிப்பு. ஆபீஸ் வேலைக்குப் போதும். 255ஹெச் ஆரோ லேக் என்ற வரிசை, 16 கோர், கனமான வேலைக்கு உரியது; பேட்டரியை அதற்கேற்பக் குடிக்கும். 256வி லூனார் லேக் வரிசை, 8 கோர்தான், ஆனால் சார்ஜ் நிற்பதில் மூன்றிலும் இதுவே முதல். இந்த ‘வி’ வகையில் ரேம் சிப்போடு ஒட்டியே வருகிறது. எண்ணின் கடைசி இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி. 256வி வாங்கிவிட்டுப் பின்னால் 32 ஆக்க எந்தக் கடையாலும் முடியாது.

ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யு என்பது ஜென் 2, 4 கோர். அடிப்படை 2019 காலத்து வடிவமைப்பு, ரேமும் பற்றவைத்தது. 7530யு என்பது ஜென் 3, 6 கோர். ஒரு இலக்கம்தான் வித்தியாசம், வேலையில் பெரிய இடைவெளி. 7535 என்றால் ஜென் 3 பிளஸ், 7640 என்றால் ஜென் 4. இன்டெல்லில் ‘அல்ட்ரா’ என்ற சொல் இல்லாத கோர் 5 120யு, கோர் 5 210ஹெச் ஆகியவை 13ஆம் தலைமுறையின் வடிவமைப்பே. மோசமானவை இல்லை, டேலிக்கும் எக்ஸெலுக்கும் தாராளம். புதுசு என்று நினைத்துப் புது விலை கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஐ3 என்305 என்பதில் வேகமான கோர் ஒன்றுகூடக் கிடையாது. மெமரியும் ஒற்றைச் சேனல். பள்ளிப் பிள்ளையின் பாடத்துக்கு மேல் எதையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

ஒற்றைச் சேனல் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வது நல்லது. ரேமுக்கு இரண்டு பாதை உண்டு. ஒரே துண்டு போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துவதால் அடி அங்கேதான் விழும். ஐ5 1334யு போன்ற சிப்பில் ஒரே துண்டு 8 ஜிபி இருந்தால் கிராஃபிக்ஸ் பெயரே ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டாமல் யுஹெச்டி என்று காட்டும். இரண்டாவது துண்டு போட்டதும் பெயர் மாறும், வேகமும் கூடும். கடையில் மெஷினை ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ என்று இருந்தால் பெரும்பாலும் ஓர் இடம் காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் ரேம் போர்டில் பற்றவைத்தது. சில மாடலில் 8 ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லாட் தனியாகத் தருவார்கள். அதில் இன்னொரு 8 போட்டால் இரண்டு பாதையும் ஓடும். துண்டு வாங்கும்போது ரேமின் வகையையும் பாருங்கள்: டிடிஆர்4 மெஷினில் டிடிஆர்5 உட்காராது. எஸ்எஸ்டியிலும் 42 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று வேறு வேறு நீளம் உண்டு. நீளமானது பல மெலிந்த மாடல்களில் நுழையாது. திறந்து பார்க்காமல் வாங்கி வந்து திருப்பிக் கொடுக்க அலைவது இதனால்தான்.

யாருக்கு எது என்று சொல்லிவிடலாம். ஆடிட்டர் அலுவலகம், அரிசி மில், நாச்சியார்கோவில் விளக்குக் கடை என்று கணக்கு வேலைதான் என்றால் 7530யு, 1334யு, கோர் 5 120யு மூன்றில் எது விலை குறைவோ அது. 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலம், தனி எண் விசைகள். காத்திருக்க எதுவுமில்லை. டேலியை நெட்வொர்க்கில் இரண்டு மூன்று பேர் ஓட்டுவதாக இருந்தால் லான் கேபிள் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பை இவர்கள் தவிர்க்க வேண்டும்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, பழைய பிரிண்டர் ஆகியவற்றின் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கென்று எழுதப்பட்டிருந்தால்தான் ஓடும். இ-சேவை மையம் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். மேக்புக்கில் டேலி நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்ல மறக்கக் கூடாது. 18 சதவீதத்தில், 59,000 ரூபாய் மெஷினில் 9,000 ரூபாய் வரி. தொழிலுக்கு வாங்கியது என்றால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம்.

திருமண ஸ்டூடியோக்களின் தேவை வேறு, இங்கேதான் தவறான கான்ஃபிகரேஷன் அதிகப் பணத்தைத் தின்கிறது. இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வகையில் ஹெச்265 வீடியோ எடுக்கின்றன. இந்த வகையை இன்டெல் சிப்பின் உள் கிராஃபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து நேரடியாகப் பிரிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. ரைசன் சிப்போடு ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட மெஷின் கேமுக்கு அருமையாக இருக்கும். இந்த வீடியோவை டைம்லைனில் போட்டதும் திணறும். பிழை மென்பொருளில் இல்லை, இந்த வகையைப் பிரிக்கும் டிகோடர் சிப்பில் இல்லாததே காரணம். ஆகவே இன்டெல் ஹெச் அல்லது ஹெச்எக்ஸ் சிப், அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, 32 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி. ஆர்டிஎக்ஸ் 5060, 5070 இரண்டுக்கும் லேப்டாப்பில் 8 ஜிபி மெமரிதான்; 12 ஜிபி வேண்டும் என்றால் 5070 டிஐக்குப் போக வேண்டும். கார்டின் பெயரோடு வாட்டும் கேளுங்கள். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விற்கிறார்கள். 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்த எம்4 மேக்புக் ஏர் இந்த வீடியோவைச் சுலபமாகக் கையாளும். ஆனால் அதில் ஃபேன் கிடையாது, நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும். ஆல்பம் வேலை செய்பவர்கள் திரையின் நிற அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்று எழுதியதை எடுக்கவே வேண்டாம். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு திரையில் ஒன்று, பிரிண்டில் ஒன்று என்று வரும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி கேட்டு வாங்குங்கள்.

துவாக்குடி, திருமலைசமுத்திரம், செங்கிப்பட்டிக் கல்லூரிகளுக்குப் போகும் பொறியியல் மாணவர்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கட்டாயமில்லை. ஹெச் சிப், 16 ஜிபி, ஒரு காலி ஸ்லாட் போதும். மெஷின் லேர்னிங்கை லேப்டாப்பிலேயே ஓட்டுவேன் என்பவருக்கு என்விடியா வேண்டும், அதற்கான ‘கூடா’ (CUDA) என்ற மென்பொருள் வசதி அதில்தான் உண்டு. மெக்கானிக்கல் மாணவருக்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். கேமிங் மெஷினும் அதன் சார்ஜரும் சேர்ந்து 3 கிலோவை நெருங்கும். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளைக்கு அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை அறிவிக்கும் ஊர்கள் நம்முடையவை. சாதாரண வேலையில் ஒரு லேப்டாப் 8 முதல் 12 வாட் எடுக்கும். 42 வாட் அவர் பேட்டரி நாலு மணி நேரம், 70 வாட் அவர் ஏழு மணி நேரம் என்பது நடைமுறைக் கணக்கு. விளம்பரத்தில் போடும் 15 மணி நேரத்தைப் பார்க்காதீர்கள், வாட் அவரைப் பாருங்கள். அடுத்தது டைப் சி சார்ஜிங். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபின் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் இங்கே உண்டு. 65 வாட் டைப் சியில் சார்ஜ் ஆகும் மெஷினைப் பெரிய பவர் பேங்கிலோ கார் சார்ஜரிலோ உயிரோடு வைத்திருக்கலாம். டைப் சி ஓட்டை இருந்தாலே சார்ஜ் ஆகும் என்றில்லை. விலை குறைந்த மாடல் பலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். கடையில் செருகிப் பார்த்துவிடுங்கள். லோ வோல்டேஜைப் பற்றிக் கவலை வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மெட்டல் பாடியில் கை வைத்தால் சுர்ரென்று இருந்தால் வீட்டு எர்த் சரியில்லை, அல்லது இரண்டு முள் பிளக்கில் செருகியிருக்கிறீர்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்று. சம்பா அறுவடை நேரத்தில் உள்ளூர்களில் நெல் தூசி, வைக்கோல் துகள். இரண்டும் ஃபேன் வழியாக உள்ளே போய், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இதழ்களுக்கிடையே பஞ்சுபோலப் படியும். ஆறு மாதத்துக்கொரு முறை அடிமூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் அதிவேகமாகச் சுற்றி பேரிங் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்.

வாங்கும் நாளில், பெட்டியை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரன்டி தொடங்கிய தேதியைப் பாருங்கள். ஆன்சைட் சர்வீஸ் என்றால் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வரலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைக் கடைக்காரர் தன் மெயிலில் திறந்து கொடுக்க விடாதீர்கள். விண்டோஸ் 11 இப்போது அக்கவுண்ட் போட்டதும் டிஸ்க்கைத் தானே பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்புச் சாவி எந்த மெயிலோ அதில்தான் சேரும். உடன் வரும் ஆபீஸ் உரிமமும் அதே மெயிலோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ சாவி கேட்டு நிற்கும், அது இல்லாமல் ஃபைல்கள் திரும்பாது. உங்கள் மெயிலில் உள்ளே போய், சாவியைத் தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.